புகைக்கூண்டு வழியே போகும் கூலி

"வேலூரா? அது வெயிலூர் ஆயிற்றே!" என்று நகைப்பார்கள், நம் பக்கம் பொதுக்கூட்டத்திற்கு வந்து வியர்வையில் குளித்துத் திரும்பும் வெளியூர் நண்பர்கள். உண்மைதான். சித்திரையில் செங்கல் சுடும்; பாலாற்று மணல் பாதத்தைப் பொசுக்கும். கதிரவன் காசு கேளாமல் கொட்டித் தரும் வெப்பம் அது. அந்த வெப்பத்தின் நடுவே நின்றுகொண்டு, காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தை அள்ளி அள்ளி ஆகாயத்திற்கு வழங்கும் வள்ளல்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும், தோழர்களே! வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும், தோல் ஆலைகள் பலவற்றின் புகைக்கூண்டுகள் அல்லும் பகலும் நடத்தும் அறக்கொடை அது. வானத்திற்கு வெப்பம், உழைப்பாளிக்கு உபதேசம்!

உபதேசம் என்ன தெரியுமா? "எரிபொருள் விலை ஏறிவிட்டது, ஆகவே கூலி உயர்வு இப்போதைக்கு இல்லை." பேச்சுவார்த்தை மேசையில் இந்தச் சொற்றொடரைக் கேட்காத தொழிற்சங்கத் தோழர் இந்த வட்டாரத்தில் எவரேனும் உண்டா? நாமும் என்ன செய்கிறோம்? விலைவாசியைக் கண்டிக்கிறோம், வெளியேறுகிறோம், வாயிற்கூட்டம் போடுகிறோம். வாங்கிய எரிபொருள் எங்கே போயிற்று என்று ஒருநாளாவது கேட்டோமா? கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே இந்தக் கட்டுரை.

அண்மையில் ஆம்பூர்ப் பக்கத்தில் நாடகம் ஒன்று முடிந்த இரவு, தோழர் ஒருவர் தாம் பணிபுரியும் தோல் ஆலைக்கு அழைத்துச் சென்றார். ஆலையின் பெயர் வேண்டாம். நமக்குத் தேவை பெயரல்ல, பேருண்மை. கொதிகலனைக் காத்து நின்ற பெரியவர் அன்போடு வரவேற்றார்.

"வாங்க தலைவரே, இப்படி உட்காருங்க. அந்தக் குழாய்ப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"ஏன் பெரியவரே?"

"சதையைப் பொசுக்கிடும். ஆனா அது நமக்கு வேண்டிய குழாய்தான். மத்தியானம் அதுமேலதான் எல்லாரும் சோத்து டப்பாவை வெச்சுச் சூடு பண்றோம். மழை நாள்ல துணியும் காயப் போடுவோம்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வாயிலைத் தாண்டி வெளியே வந்தபிறகுதான் அந்தச் சிரிப்பு சுட்டது. அந்தக் குழாய் நீராவிக் குழாய். தோல் உலர்த்தும் இயந்திரத்திற்கும், சாயம் ஏற்றும் டிரம்மிற்கு வெந்நீர் காய்ச்சவும் போகவேண்டிய வெப்பம், போர்வையில்லாத இரும்பின் வழியே பாதையெங்கும் ஒழுகிக்கொண்டே போகிறது. ஒழுகுவதில் ஒரு துளியைத் தொழிலாளி தன் சோற்றுக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். மிச்சம்? சுவருக்கும் கூரைக்கும் காற்றுக்கும்! இந்த ஆண்டு முழுதும் ஒழுகியதற்கு விலை வைத்தால், அந்தப் பெரியவர் கேட்ட கூலி உயர்வை விடக் கூடுமா, குறையுமா? கணக்கு எவரிடமும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில்தான் காரணங்கள் மலிவாகக் கிடைக்கும்.

"நாடகம் எழுதுகிறவனுக்கு நீராவி எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். வெப்பவியலை எனக்குக் கற்றுத் தந்தது பேராசிரியர் அல்லர், நாடக மேடை. விளக்கின் ஒளிவட்டத்தில் நிற்கும் நடிகனுக்கு அரிதாரம் உருகி வழியும். இரண்டடி தள்ளித் திரைமறைவில் நிற்பவனுக்குச் சூடு தெரியாது. இருவரையும் சூழ்ந்த காற்று ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? விளக்கிலிருந்து நேரே பாயும் கதிரால் வந்தது. அதே விளக்கின் பின்புறம் பளபளக்கும் தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் பாதி ஒளி சுவருக்குப் போகும், மேடை மங்கும், மின்கட்டணமோ ஒரு காசும் குறையாது!

வெப்பம் மூன்று வழிகளில் நடக்கும். தொட்ட பொருள் வழியே ஊர்வது ஒன்று. காற்றின் தோளிலும் நீரின் தோளிலும் ஏறிச் செல்வது மற்றொன்று. இடையில் எதன் துணையும் இன்றிப் பாய்ந்து வருவது மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் கதிர்வீச்சு. கதிரவன் நம்மைச் சுடுவது அப்படித்தான். நம் வீட்டு அம்மா தணலுக்குமேல் அப்பளத்தைத் தூக்கிப் பிடித்துப் பொரிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். கொதிகலனுக்குள் தழல் தன்னைச் சூழ்ந்த இரும்புக்கு வெப்பம் தருவதும் பெரும்பாலும் அப்படியே. ஸ்பிரே செய்த தோல், பட்டைமீது ஊர்ந்து வெப்பச் சுரங்கத்திற்குள் போகிறதே, அங்கே எரிவாயுத் தணல் தட்டு வைத்தால் நடப்பதும் அதுவே.

இதில் ஓர் அறிவியல் விதி உண்டு. வீசும் வெப்பம், தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப வளரும். 500 டிகிரி சென்டிகிரேடில் மங்கலாகக் கனலும் தட்டு, 900 டிகிரியில் செக்கச் செவேலென ஒளிர்ந்தால், வீசும் வெப்பம் இரண்டு மடங்கல்ல. ஐந்து மடங்குக்கும் மேல்! எரிபொருளைக் கூட்டாமல் தட்டின் முகத்தை மேலும் சிவக்க வைக்க முடியுமானால், அது ஆதாயத்திலும் ஆதாயம்.

முடியுமா? முடியும். எரிவாயுத் தணல் தட்டுகளில், கதிராகப் பாய்வது எரிபொருள் தரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவு என்பதே பொதுவான நிலை. மிச்சம் சூடான புகையாக வெளியேறுகிறது. அந்தப் புகையை ஓர் உலோகக் குழாயின் ஒரு பக்கம் ஓடவிட்டு, எரிவதற்கு உள்ளே வரும் குளிர்ந்த காற்றை மறுபக்கம் ஓடவிட்டால், காற்று சூடாகி வரும். தழலின் வெப்பநிலை உயரும். தட்டு மேலும் சிவக்கும். பிறகும் மிஞ்சும் சூட்டைச் சுரங்கத்தின் முன்பகுதிக்குத் திருப்பினால், ஈரத் தோல் அங்கேயே பாதி உலரும். தட்டின் முதுகிலும் பக்கங்களிலும் எதிரொளிக்கும் தகடு வைத்தால், நான் சொன்ன மேடை விளக்கின் கதைதான். பட்டைமீது ஒரு தோலுக்கும் அடுத்த தோலுக்கும் நடுவே வெற்றிடம் வரும்போது தணலைத் தணித்துவிட்டால், இல்லாத தோலை உலர்த்தும் முட்டாள்தனம் ஒழியும்.

மூர்க்கமாகச் சூடேற்றச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். தோல் மரக்கட்டையல்ல. பட்டைச் சாற்றில் பதனிட்ட ஈரத்தோல் 75, 85 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். குரோமியத்தில் பதனிட்டது 100 டிகிரி அளவும் தாங்கும். தோலைவிட்டு வெளிவரும் ஈரத்தை அள்ளிக்கொண்டு போகக் காற்றும் வேண்டும். அளவோடு, இடமறிந்து, நேரமறிந்து தருவதுதான் திறமை. அள்ளிக் கொட்டுவது திறமையல்ல, திமிர்.

சுரங்கத்தை விட்டு மீண்டும் கொதிகலனுக்கு வருவோம். புகையின் வெப்பநிலையை 22 டிகிரி குறைத்து அந்தச் சூட்டை மீட்டால் எரிபொருளில் ஏறத்தாழ 1 விழுக்காடு மிச்சம். கொதிகலனுக்குள் போகும் நீரை 6 டிகிரி முன்னதாகச் சூடாக்கினால் இன்னொரு 1 விழுக்காடு. எரிசக்திக் கணக்காய்வாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கைக்கணக்கு இது. விறகைப் பாருங்கள்! வெட்டிய சூட்டோடு லாரியில் வந்திறங்கும் பச்சை விறகு 10 கிலோவில் 4 கிலோ நீர் என்றால், அந்த 4 கிலோவை வாங்கியது என்ன விலைக்கு? விறகு விலைக்கு! வாங்கிய நீரை ஆவியாக்கச் செலவிடுவது எதை? மிச்சமுள்ள 6 கிலோ விறகின் வெப்பத்தை! தண்ணீரை விறகு விலைக்கு வாங்கி, அதை எரிக்க மேலும் விறகு செலவிடும் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்றுத் தருகிறது? வெயிலூரில், சீமைக் கருவேல விறகைச் சில வாரம் வெயிலில் காயவைக்க ஆலை அதிபருக்குப் பொறுமை இல்லை. கூலிக்குக் காத்திருக்கும் பொறுமை மட்டும் தொழிலாளிக்கு வேண்டுமாம்!

இந்த வெப்பப் பசி நமக்கு எப்போது வந்தது என்பதையும் அறியவேண்டும். ஒரு காலத்தில் இங்கே தோல் நிழலிலும் வெயிலிலும் உலர்ந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறியது. 1973-இல், சீத்தாராமையா குழுவின் பரிந்துரைப்படி, அந்த ஏற்றுமதிக்கு டில்லி அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக்கிய தோலும் காலணியும் அனுப்பு என்றது. நல்ல கொள்கைதான், வேலை பெருகியது. ஆம்பூரின் காலணி ஆலைகளில் பெண்கள் ஆயிரமாயிரமாக உழைக்கும் நிலையும் பின்னர் வந்தது. ஆனால் குரோமியமும் சாயமும் மெருகும் சேர்ந்தபோது கொதிகலனும் உலர்த்தும் இயந்திரமும் கூடவே வந்தன; பாலாற்றுக்குக் கேடும் வந்தது.

1996 ஆகஸ்ட் 28. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று ஓங்கி உரைத்தது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வேகம் பிறந்தது. பின்னர், ஒரு சொட்டும் வெளியே விடாதே என்ற விதி வந்தது. கழிவுநீரை வடிகட்டி நன்னீரை மீட்டபின் எஞ்சும் உப்புக் கரைசலை எங்கே கொட்டுவது? காய்ச்சி உப்பாக்கவேண்டும். அதற்குப் பல அடுக்கு ஆவியாக்கி வந்தது. அதற்கும் எரிபொருள்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்த ஆவியாக்கியின் நுட்பம் என்ன? முதல் கலனில் எழும் ஆவியே இரண்டாம் கலனைக் காய்ச்சும்; இரண்டாம் கலனின் ஆவி மூன்றாவதைக் காய்ச்சும். ஒரே வெப்பத்திற்கு மூன்று நான்கு முறை வேலை! கழிவு உப்புக்குக் காட்டும் இந்தச் சிக்கனத்தை நல்ல தோலுக்குக் காட்டக்கூடாதா? ஒரே வட்டாரத்தில், ஓரிடத்தில் வெப்பம் நான்கு முறை உழைக்கிறது. பக்கத்துக் கொதிகலன் அறையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் புகைக்கூண்டில் ஏறிவிடுகிறது. அறிவு இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. கட்டாயம் இருந்த இடத்தில் அறிவு வந்தது. கட்டாயம் இல்லாத இடத்தில் அது வாயிலிலேயே நின்றுவிட்டது.

அதே 1996-இன் இறுதியில், டிசம்பர் 30 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தில், அதே நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இன்னொரு தீர்ப்பு வழங்கியது. தாஜ்மகாலைச் சூழ்ந்த வட்டாரத்து ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறவேண்டும். இல்லையேல் இடம்பெயர வேண்டும். அந்த வட்டாரத்தில்தான் கண்ணாடி வளையலுக்குப் பெயர்போன பிரோசாபாத் இருக்கிறது. அங்குள்ள பானை உலைகளில் கண்ணாடி உருகுவது தழலும் வளைந்த கூரையும் வீசும் கதிர்வீச்சால்தான். முதலில் பலர் என்ன செய்தார்கள்? பழைய உலையிலேயே எரிவாயுக் குழாயைச் செருகினார்கள். எரிபொருள் மாறியது, ஊதாரித்தனம் மாறவில்லை. பிறகு டெரி ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்து நாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் துணையோடு, உலையையே புதிதாக வடிவமைத்தது. வெளியேறும் புகை உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் உலை! எரிபொருள் பெருமளவு குறைந்தது. கண்டவர்கள் பின்பற்றினார்கள், ஊரெங்கும் பரவியது.

ஒரே ஆண்டு, ஒரே நீதிமன்றம், இரண்டு தீர்ப்புகள். அங்கே தீர்ப்பு உலைக்குள் புகுந்தது. இங்கே தீர்ப்பு சாக்கடையின் வாயில்வரை வந்தது; அடுப்பங்கரைக்குள் அதே முனைப்போடு எவரும் நுழையவில்லை. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அறிஞர்கள் இருக்கிறார்கள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அறிவு. எட்டாத தூரத்தில் விருப்பம்!

இதற்கிடையே பாலாறு என்ன ஆயிற்று? 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றம் பேசவேண்டி வந்தது. முன்னைய தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறு மீளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆவியாக்கியை ஓட்டினால் எரிபொருள் செலவு. ஓட்டாவிட்டால் ஆற்றுக்குச் சாவு. எரிபொருளை வீணாக்குகிறவன் கையில் ஆற்றின் உயிரை ஒப்படைத்தால் அவன் எதை மிச்சம் பிடிப்பான்? கொதிகலனில் கசியும் ஒவ்வொரு காசும் ஒருபக்கம் கூலியைக் கடிக்கிறது. மறுபக்கம் ஆற்றைக் கடிக்கிறது.

ஆட்சியாளர்கள் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தார்கள், சட்டம் செய்தார்கள். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. 2012-இல் தொடங்கிய இலக்குத் திட்டம் முதலில் 8 தொழில்களைப் பிடித்தது: அனல் மின்சாரம், உருக்கு, சிமெண்ட், அலுமினியம், உரம், காகிதம், துணி, குளோர் அல்கலி. யானைகளை எண்ணினார்கள், எறும்புகளை விட்டார்கள். தோல் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜூலையில் பானிப்பட்டில் 'அடீட்டி' என்ற புதுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 14 தொழில்கள், அவற்றுள் தோலும் ஒன்று. குறு, சிறு ஆலைகள் வாங்கும் கடனுக்கு வட்டியில் 5 விழுக்காடு சலுகை. நடுத்தர ஆலைகளுக்கு 3 விழுக்காடு.

வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. வட்டிச் சலுகை யாருக்கு? கடன் கிடைப்பவனுக்கு! வங்கி வாசலில் சொத்துப் பத்திரத்தோடு நிற்க முடிந்தவனுக்கு! பிறர் ஆலையில் டிரம்மை வாடகைக்கு எடுத்து, நூறு தோலைப் பதனிட்டு விற்கும் சிறு வியாபாரி எந்தக் கொதிகலனை அடமானம் வைப்பான்? அவனுக்கும் சேர்த்து விறகு எரிக்கும் ஆலைக்காரர், செலவு முழுதும் வாடகையில் ஏறிவிடுவதால், எதற்காகச் சிக்கனம் பார்ப்பார்? கழிவுநீருக்குப் பொது நிலையம் அமைக்க முடிந்த நம்மால், வெப்பத்திற்கும் பொது நிலையம் அமைக்க முடியாதா? ஓட்டைக் கொதிகலன்கள் பத்துக்குப் பதில், நன்கு காக்கப்பட்ட கொதிகலன் ஒன்று. போர்வை போர்த்திய குழாய்கள். அளவுமானி காட்டும் அளவுக்கு மட்டும் கட்டணம். சிறியவன் பிழைக்க அதுதான் வழி.

நம் அணியிலும் சில தோழர்கள் ஐயம் எழுப்புகிறார்கள். "இது முதலாளியின் கவலை, நமக்கெதற்கு?" என்கிறார் ஒருவர். முதலாளியின் இலாபத்தில் பங்கு கேட்கும் நாம், அவருடைய வீண்செலவு எங்கே போகிறது என்று கேட்கக்கூடாதா? "எரிபொருள்" என்ற சொல்லை அவர் நம் கோரிக்கையின் தலையில் தூக்கிப் போடும்வரை, அது நம் கவலைதான். "சிக்கனம் என்று தொடங்கினால் ஆட்குறைப்பில் முடியுமே" என்கிறார் இன்னொருவர். நேர்மையான அச்சம், அதை மழுப்பமாட்டேன். விறகு குறைந்தால் விறகு தூக்குகிறவருக்கு வேலை குறையலாம். ஆகவேதான் இந்தக் கோரிக்கையை அதிபர் கையில் விட்டுவிடாமல் நாமே முன்வைக்கவேண்டும் என்கிறேன். ஆட்குறைப்பு இல்லை என்ற எழுத்து உறுதி முதலில், கருவி பிறகு. நாம் பேசாமல் இருந்தால் கருவி வராமல் போகாது. நம்மைக் கேளாமல் வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

"குழாய் வழி எரிவாயு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் மூன்றாமவர். பிரோசாபாத் பாடத்தை மறக்கவேண்டாம் ஐயா! விறகை வீணாக்கிய கை வாயுவையும் வீணாக்கும். மாறவேண்டியது எரிபொருள் மட்டுமல்ல, எரிக்கும் முறை.

ஆகவே, அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும் தோழர்களே, கையில் ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்: "ஒரு சதுர அடி தோலுக்கு எத்தனை கிலோ விறகு?" தோலைச் சதுர அடியில் அளந்து விற்கிறார்கள், விறகை எடை போட்டு வாங்குகிறார்கள். இரண்டு எண்களும் அலுவலகத்தில் உண்டு. ஒன்றை மற்றொன்றால் வகுக்க எந்தப் பட்டமும் தேவையில்லை. பட்டம் பெறாத நானே வகுப்பேன்! மாதந்தோறும் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். குழாய்க்குப் போர்வை கேளுங்கள். விறகு காயக் கொட்டகை கேளுங்கள். புகைக்கூண்டில் ஒரு வெப்பமானி கேளுங்கள். கொதிகலன் காக்கும் தோழர்களுக்குப் பயிற்சி கேளுங்கள்; மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயிலும் தொழிலாளிக்கு ஒரு பங்கு கேளுங்கள்; பாலாற்றுக்கு ஒரு பங்கு கேளுங்கள். அரசைப் பார்த்து, பொது வெப்ப நிலையம் எங்கே என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் சோற்று டப்பா சூடாக இருக்கட்டும். அதற்கு ஆலையில் ஓர் அடுப்பு வைத்துக் கொடுப்பது பெரிய செலவன்று. ஓட்டைக் குழாயின் தயவில் சோறு சூடாக வேண்டியதில்லை. சூடான சோறு அவருடைய உரிமை. குழாய்க்குப் போர்வை வரட்டும். அவர் வீட்டுக்கும் ஒரு போர்வை வரட்டும். புகைக்கூண்டு வழியே போகும் கூலியைத் தடுத்து நிறுத்தி, பொழுது சாயும் வேளையில் வாயில் வழியே வீட்டுக்குக் கொண்டுபோவோம்!